துப்பறிந்தவர் யார்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் நம் கண்முன் நிற்பவை அவருடைய புகைக்குழாயும் பூதக்கண்ணாடியும்தான். கூடவே நண்பர் டாக்டர் வாட்சனும் நினைவுக்கு வருவார். ஆனால் வயலட் ஹண்டர் என்ற ஆசிரியையை எத்தனை பேர் நினைக்கிறோம்? ஆர்தர் கானன் டாயில் எழுதிய 'காப்பர் பீச்சஸ்' கதையை ஊன்றிப் படித்தால், அதில் பாதிக்கு மேல் துப்பறிந்தவர் அந்த அம்மையாரே என்பது என் கருத்து.

இக்கதை 1892ஆம் ஆண்டு 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் வெளிவந்தது. அது விக்டோரியா மகாராணியின் காலம். படித்திருந்தும் வசதியற்ற பெண்களுக்கு அன்று இங்கிலாந்தில் கிடைத்த வேலைகள் மிகச் சில. செல்வர் வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவற்றுள் ஒன்று. மிஸ் ஹண்டர் ஐந்து ஆண்டுகள் மாதம் 4 பவுண்டு சம்பளத்தில் அவ்வாறு பணியாற்றியவர். அக்குடும்பம் கனடாவுக்குச் சென்றுவிட, அவருக்கு வேலை போயிற்று, சேமிப்பும் கரைந்தது.

அந்நேரத்தில் ரூகாஸில் என்பவர் ஆண்டுக்கு 100 பவுண்டு தருவதாகச் சொன்னார். ஆனால், கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும், தருகின்ற உடையை உடுத்த வேண்டும், காட்டிய இடத்தில் உட்கார வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தார். மிஸ் ஹண்டர் மறுத்துவிட்டார். பிறகு 120 பவுண்டு தருவதாகக் கடிதம் வந்தது. வறுமை ஒருபுறம், சந்தேகம் மறுபுறம். அவர் என்ன செய்தார்? போவதற்கு முன்பே ஹோம்ஸைத் தேடிச் சென்று அனைத்தையும் கூறினார். கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிப்பது தைரியம் ஆகாது. கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குவதே தைரியம்.

ஒரு வேடிக்கை! மிஸ் ஹண்டரின் கடிதம் வந்தபோது, போர்டிங் பள்ளிப் பெண்களுக்கு யோசனை சொல்லும் அளவுக்குத் தம் தொழில் இறங்கிவிட்டதே என்று ஹோம்ஸ் அலுத்துக்கொள்கிறார். நம் விடுதித் தோழியர் இதைக் கவனிக்க!

வின்செஸ்டர் நகருக்கு அருகிலிருந்த அவ்வீட்டில் மிஸ் ஹண்டர் சும்மா இருக்கவில்லை. அவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். அவரோ கைக்குட்டைக்குள் ஓர் உடைந்த கண்ணாடித் துண்டை ஒளித்துக்கொண்டு, பின்னால் சாலையில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரைக் கண்டுபிடித்தார். பூட்டிய இழுப்பறையைத் திறந்து, தம் கூந்தலைப் போன்றே இருந்த இன்னொரு கூந்தலைக் கண்டார். யாரும் நுழையாத பகுதிக்குள் நுழைந்து, அங்கே ஓர் அறை வெளியே தாழிட்டிருப்பதைப் பார்த்தார். கொடிய வேட்டைநாய்க்கு இரையாக்குவேன் என்று ரூகாஸில் மிரட்டிய பிறகே ஹோம்ஸுக்குத் தந்தி அடித்தார்.

ரூகாஸில் தம் மகள் ஆலிஸை அடைத்து வைத்திருக்கிறார், அவளைப் போலத் தோன்றவே மிஸ் ஹண்டரை அமர்த்தினார் என்று ஊகித்தது ஹோம்ஸ்தான். அவர் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊகத்திற்கு வேண்டிய செய்திகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? ஹோம்ஸ் கதவை உடைத்தபோது அறை காலியாக இருந்தது. ஆலிஸை அவளுடைய காதலரே மீட்டுச் சென்றிருந்தார்.

"சம்பளத்துக்காகத்தானே போனார்? இதில் என்ன பெருமை?" என்று சிலர் கேட்கலாம். உழைத்துப் பிழைக்கும் பெண்ணுக்குச் சம்பளம் வேண்டாமா? கூந்தலை அவர் பணத்துக்காக இழந்தது உண்மை. ஆனால் தனக்கு யாரென்றே தெரியாத ஒருத்திக்காக உயிர் ஆபத்தை ஏற்றது பணத்துக்காகவா? மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருந்திருக்கலாம் அல்லவா?

முடிவில் ஹோம்ஸ் அவரை மறந்துவிடுகிறார். வாட்சனுக்கு அதில் ஏமாற்றமே. மிஸ் ஹண்டர் வால்சால் என்ற ஊரில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை ஆனார் என்று ஒரே வரியில் கதை முடிகிறது. எனக்கு அந்த ஒரு வரி போதும். அப்பள்ளி மாணவியர் கொடுத்து வைத்தவர்கள்!

அன்புத் தோழியரே, நாளை நாமும் வேலை தேடிப் புறப்படுவோம். அளவுக்கு மீறி ஒருவர் கொடுக்க வந்தால், 'ஏன்?' என்று கேட்போம். போகும் இடத்தை நம்பிக்கையானவரிடம் சொல்லிவிட்டுப் போவோம். எல்லாவற்றிற்கும் மேலாக, பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒருத்தி துன்புறுகிறாள் என்று தெரிந்தால், நமக்கென்ன என்று திரும்பி வராமல் இருப்போம்.