இரண்டாவது இயந்திரத்துக்கும் இடம் கொடுங்கள்

கைப்பேசி வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? கேமரா எத்தனை மெகாபிக்சல், நினைவகம் எத்தனை ஜிகாபைட், விலை என்ன. மூன்று எண்களை ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகிறோம். ஆனால், அந்தக் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லுகளைச் செய்யும் ஆலைகள் தங்கள் இயந்திரங்களை இப்படி வாங்குவதில்லை.

ஓர் எளிய கணக்கு. எண்கள் நான் கற்பனையாக எடுத்துக்கொண்டவை. 'அ' இயந்திரம் மணிக்கு 200 சிலிக்கான் தகடுகளை முடிக்கும், 'ஆ' 180தான். விளம்பரத் தாளில் 'அ' வென்றுவிட்டது. ஆனால் அது அடிக்கடி பழுதாகி, 75 விழுக்காடு நேரமே ஓடுகிறது. 'ஆ' 90 விழுக்காடு நேரம் ஓடுகிறது. முடித்த தகடுகளில் 'அ'வுக்கு 90 விழுக்காடும் 'ஆ'வுக்கு 95 விழுக்காடும் தேறுகின்றன. பெருக்கிப் பாருங்கள். மணிக்குச் சராசரியாக 'அ' தருவது 135 நல்ல தகடுகள். 'ஆ' தருவது ஏறக்குறைய 154. மெதுவானது முந்திவிட்டது!

இதோடு விலை, மின்சாரம், உதிரிப்பாகம், தூய அறையில் அது அடைத்துக்கொள்ளும் இடம் எல்லாவற்றையும் கூட்டி, ஒரு நல்ல தகட்டுக்கு எவ்வளவு செலவு என்று பார்க்கிறார்கள். 'ஓடிய நேரம்' என்று எதைச் சொல்லலாம் என்பதற்குக்கூட 'செமி' என்ற தொழில் அமைப்பு தரவிதி வகுத்திருக்கிறது. விற்பவர் தன் வசதிக்குக் கணக்குக் காட்ட முடியாது. ஆலைகள் தங்கள் சொந்தத் தகடுகளைக் கொடுத்துச் சோதிக்கின்றன. பல மாதம் ஆலைக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. நள்ளிரவில் ஒரு பாகம் பழுதானால் மாற்றுப்பாகம் எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதும் கேள்விதான்.

இவ்வளவு கறார் தேவைதான். ஒரு சில்லு நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு படியிலும் 1000-க்கு 999 தேறினாலும், 500 படிகளுக்குப் பிறகு மிஞ்சுவது 61 விழுக்காடுதான்.

என் குறை வேறு இடத்தில். ஒருமுறை தேர்ந்தெடுத்த இயந்திரத்தை ஆலைகள் எளிதில் மாற்றுவதில்லை. 'அப்படியே நகலெடு' என்பது இன்டெல் நிறுவனத்தின் புகழ்பெற்ற கொள்கை. ஓர் ஆலையில் ஒத்துவந்த இயந்திரமும் அதன் அமைப்பும் அடுத்த ஆலையிலும் அச்சு அசலாக அப்படியே இருக்கவேண்டும். இதனால், கொஞ்சம் மட்டுமே மேம்பட்ட புதிய இயந்திரத்துக்குக் கதவு திறப்பதில்லை. விற்பனை இல்லையென்றால் ஆய்வுக்குப் பணமும் இல்லை. போட்டியாளர் மெல்ல ஒதுங்கிவிடுவார்.

தகட்டின்மேல் ஒளியால் சுற்றுகளின் வடிவத்தைப் பதிக்கும் இயந்திரங்களைப் பாருங்கள். 1980களில் ஜப்பானின் நிக்கோனும் கேனனும் அத்துறையில் கொடிகட்டிப் பறந்தன. இன்று, 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பயன்படுத்தும் அதிநவீன இயந்திரத்தை விற்பது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டுமே. 2012-ல் இன்டெல், டிஎஸ்எம்சி, சாம்சுங் மூன்றும் அந்நிறுவனத்தின் 23 விழுக்காட்டுப் பங்குகளை வாங்க முன்வந்தன. ஆய்வுக்காக 138 கோடி யூரோவும் தர ஒப்புக்கொண்டன. தேர்வு வைக்க வேண்டியவர்களே தேர்வெழுதுபவருக்கு டியூஷன் கட்டணம் கட்டினார்கள்! அது தவறில்லை, அந்தப் பணம் வேலையை விரைவுபடுத்தியது. ஆனால் இரண்டாவது ஒருவரையும் அவர்கள் வளர்த்திருக்கலாம் என்பேன். இப்போது ஒப்பிட ஆளில்லை.

2023-ல் கேனன் வேறொரு வழியோடு வந்தது. ஒளிக்குப் பதில், ரப்பர் முத்திரை குத்துவதுபோல் வடிவத்தைத் தகட்டின்மேல் அழுத்திப் பதிக்கும் இயந்திரம் அது. 14 நானோமீட்டர் அகலக் கோடுகளைப் பதிக்கும் என்கிறது கேனன். சிக்கலும் இருக்கிறது. முத்திரை தகட்டைத் தொடுவதால், அதில் ஒரு தூசி ஒட்டினாலும் அதே பழுது அடுத்தடுத்த பதிவுகளிலும் வரக்கூடும். முதல் மாதமே அதைப் பல ஆண்டு ஓடிப் பழகிய இயந்திரத்தோடு ஒப்பிடுவது, படிவம் ஒன்று மாணவரை எஸ்பிஎம் தேர்வில் உட்காரவைப்பது போன்றது.

நினைவகச் சில்லுகளில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. பழுதான அறைகளுக்கு மாற்றாக உபரி அறைகளையும் அவற்றில் வைத்திருப்பார்கள். புதிய இயந்திரத்துக்கு அங்கே ஒரு மூலையைக் கொடுத்துத் தொடங்கலாம்.