மணலுக்குத் தடுக்கத் தெரியாது

மருதமுனையில் தறிச்சத்தம் கேட்கும் வீடுகளுக்குள்ளேயே சாயமும் போடுகிறார்கள். நூலை அலசிய நீலத் தண்ணீரை வளவில் ஊற்றினால் கண்மூடித் திறப்பதற்குள் மணல் குடித்துவிடும். பத்தடி தள்ளிக் கிணறு. சமையலுக்கும் வுழூவுக்கும் அள்ளுவது அந்தக் கிணற்றில்தான்.

இதே சாய வேலை பியகம ஏற்றுமதி வலயத்தில் நடந்தால் கழிவுநீர் குழாய் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்குள்ள முதலாளி எமது நெசவாளியைவிட நல்லவர் என்பதல்ல காரணம். அவர் நிற்கும் இடத்தில் அந்த வசதி இருக்கிறது, இங்கே இல்லை.

நிலத்தின் குணமும் கணக்கில் சேர வேண்டும். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுண்ணக்கல் வழியே ஊர்க் கிணறுகளுக்குப் பரவியது. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின் நிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தச் சொன்னது. கிணறுகள் கெட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எமது கரையிலோ, உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை மட்டுமே உண்டு.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சுற்றாடல் சட்டத்தின் கீழ், சிறிய தொழில்கள் சிலவற்றுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி சபைகளிடமே உள்ளது. எந்தத் தொழிலுக்கு ஒப்பமிடுமுன்பும் சபை உத்தியோகத்தர் வளவுக்குப் போய், கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்கட்டும். சாயம் போடுவோருக்கு ஒரு பொதுச் சுத்திகரிப்புத் தொட்டியை எமது கல்முனை மாநகர சபை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.