மரமும் பயிரும்

உழவு நிலத்தில் மரம் வளர்த்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைக் காண்மின்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரங்கள். மாடு புல்லை மேயும். ஆடு வேலங்காயை உண்ணும். மழை குறைந்த நிலத்திற்கு உழவரே வகுத்த திட்டம் இது. 2014-ஆம் ஆண்டில் இந்திய அரசும் வேளாண்காட்டிற்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வகுத்தது. ஆயினும், மரக்கன்று வழங்குதலே திட்டமெனப் பலர் கருதுகின்றனர். அஃது எமக்கு உடன்பாடன்று.

இக்கலையைக் கற்பார் முதற்கண் உழவரோடு அவர் நிலத்தில் நடந்து கற்றல் வேண்டும். மண்ணின் ஆழம் யாது? கிணற்றுநீர் எத்திங்கள் வரை நிற்கும்? காலையும் மாலையும் நிழல் எவர் வயலில் விழும்? வேர் பயிரின் நீரைக் கவருமோ? இவற்றை வரைபடத்திற் குறித்த பின்னரே மரத்தின் பெயரை எழுதல் தகும். தேக்கின் பயன் பல்லாண்டு கழிந்தே வரும். அதுகாறும் குடும்பத்தைக் காப்பது பயிரன்றோ?

தலையாய வினா மற்றொன்றுண்டு: நிலம் யாருடையது? ஓராண்டுக் குத்தகைக்கு உழுபவர், தாம் வளர்த்த மரத்தின் பயனைப் பிறர் கொள்வாரெனின், ஏன் நடுவார்? அவரைச் சோம்பரென்று பழித்தல் அறமாகாது. குத்தகைச் சீட்டிலேயே மரத்தின் பங்கும் எழுதப்படல் வேண்டும். மரநடு விழாக்களுக்குச் செல்லும் மாணவராகிய நாம், கன்றைக் கையில் எடுக்குமுன் இவ்வினாவை எழுப்புவோமாக.