பரிசோதனையையும் பரிசோதிப்போம்

காசநோய்க்குப் பலியான இளவரசி கிருஷ்ணஜம்மண்ணியின் பெயரை மைசூருவின் காசநோய் சானடோரியம் இன்றும் தாங்கி நிற்கிறது. தூய காற்றும் சத்துணவும் நீண்ட ஓய்வுமே அன்று சிகிச்சை எனப்பட்டன. உழைத்துண்ணும் ஏழைக்கு அவை எட்டாக்கனி.

1956இல் சென்னையில் பொது நிறுவனங்கள் கூட்டாகத் தொடங்கிய ஆய்வு அந்த நம்பிக்கையையே சோதித்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு நெரிசல் மிகுந்த வீடுகளிலும் அதே மருந்துகளை ஓராண்டு வழங்கினர். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது என்பதை 1959இல் வெளியான முடிவுகள் காட்டின. உலகமே அவ்வழியைப் பின்பற்றியது.

சந்தை கண்ட வழி வேறு. காசநோயைக் கண்டறிவதாக விற்கப்பட்ட ரத்தப் பரிசோதனைகள், நோயற்றவரை நோயாளி என்றும், நோயாளியை நோயற்றவர் என்றும் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2011இல் எச்சரித்த பின்னரே, 2012இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. அதுவரை பணம் இழந்தவர்கள் நோயாளிகள். லாபம் ஈட்டியவர்கள் விற்றவர்கள்.

எச்சோதனை பயன் தரும், எச்சிகிச்சை வீண் என்று தீர்மானிக்கும் பொறுப்பை விற்பவனிடமே விட்டுவிடலாமா? பொது நிதியில் ஆய்வு, மக்கள் முன் முடிவு: தனியார்மயத்தை எதிர்க்கும் நமது போராட்டத்தில் இக்கோரிக்கையும் இடம்பெற வேண்டும், தோழர்களே!