வண்டி மையும் சுழல் உலையும்

மாட்டு வண்டிகள் மலிந்திருந்த காலத்தில், வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு இடுவார்கள். கரி சேர்ந்த எண்ணெய் கெட்டிப்பட்டு, வழிந்து போகாமல் அச்சோடு நிற்கும். இன்று அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. அவை போய்ச் சேரும் ஸிமெண்டு ஆலைகளிலும் பிரச்னை அதுவேதான்.

அங்கே நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள உலை, உள்ளே 1,450 டிகிரி வெப்பத்துடன், உருளைகளின் மேல் சுழல்கிறது. சாதாரண எண்ணெய் அச்சூட்டில் தீய்ந்துவிடும். அதில் தூசியும் ஒட்டினால் அரமாக மாறி இரும்பைத் தின்னும். ஆகையால், பென்ஸிலில் உள்ள அதே கிராபைட்டை மெல்லிய பூச்சாகப் படியவிடுகிறார்கள். அதன் அணு அடுக்குகள் சீட்டுக்கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, தேய்மானத்தைத் தாங்கிக் கொள்கின்றன.

கிராபைட் நம் சிவகங்கை மண்ணிலேயே இருக்கிறது. கல்லையும் கனியையும் விற்றுவிட்டு, பூச்சை மட்டும் பிறரிடம் விலைக்கு வாங்குவது நமக்கு அழகா? பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகள் ஆலை வாயிலில் கூலிக்கு நிற்பதோடு அமையலாகாது. உலை தேயாமல் சுழலும் வித்தையையும் அவர்கள் கற்க வேண்டும். பாட்டன் வண்டிக்கு மை கூட்டினான்; பேரன் உலைக்குக் கூட்டட்டும்.