எந்தக் கப்பலில் வந்தார்?

சுசீந்திரம் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர் தம் பேரனுக்குக் கதை சொல்லிக் கொண்டிருந்தார். "1914-ல் எம்டன் கப்பல் சென்னைப் பட்டணத்து மேலே குண்டு போட்டது மக்களே! அதிலே நம்ம நாஞ்சில் நாட்டுச் செண்பகராமன் பிள்ளையும் இருந்தாருல்லா!" என்றார். பையனுடைய கண்கள் அகல விரிந்தன.

அந்த ஆனந்தத்தைக் கலைக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் நேயர்களிடம் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? எம்டனில் அவர் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. அவரைச் சுமந்து வந்த கப்பல் வேறு. அதன் சரித்திரமோ கட்டுக்கதையைவிட ரசமானது.

1932-ல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையில் நீரில் இறங்கிய அந்தக் குரூஸருக்கு 'அக்கிலீஸ்' என்று பெயர். ஆறங்குலப் பீரங்கிகள் எட்டு உடையது. அதன் மாலுமிகளில் நியூஸிலாந்துக்காரர்கள் பலர். 1939 டிசம்பர் 13-ந் தேதி, தென் அமெரிக்காவில் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு அப்பால், 'கிராப் ஸ்பீ' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலை எதிர்த்துப் பொருத மூன்று கப்பல்களில் இதுவும் ஒன்று. நான்கு நாள் கழித்து ஜெர்மானியர் தங்கள் கப்பலைத் தாங்களே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

1948-ல் நம் சர்க்கார் அக்கிலீஸை விலைக்கு வாங்கி 'டெல்லி' என்று பெயர் சூட்டினார்கள். பழைய எஜமானர்களின் பழைய கப்பல்தானே என்று ஏளனமாக நினைக்கத் தோன்றலாம். ஆனால் 1961-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து டையூவை மீட்டபோது அதே பீரங்கிகள்தான் நமக்காக முழங்கின.

பெர்லினிலிருந்து பாரத விடுதலைக்கு உழைத்த செண்பகராமன் பிள்ளை 1934-ல் அங்கேயே காலமானார். தம் அஸ்தி சுதந்திர பாரதத்துக்குத் திரும்ப வேண்டும், நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவப்பட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவி லக்ஷ்மி பாய் முப்பத்திரண்டு வருஷம் அந்த அஸ்தியைக் காத்து வந்தார். 1966-ல் பம்பாயிலிருந்து கொச்சிக்கு அதை ஏற்றி வந்தது 'டெல்லி'தான்.

விந்தையைப் பாருங்கள்! ஜெர்மானியருடன் பொருத பிரிட்டிஷ் கப்பல், ஜெர்மனியின் துணையை நாடி பிரிட்டிஷாரை எதிர்த்த வீரரைத் தாய்நாடு கொண்டு வந்து சேர்த்தது. கப்பல் பழையதுதான், அதில் பறந்த கொடி நம்முடையது. அவர் விரும்பியதும் அதுவே அல்லவா?

1978-ல் 'டெல்லி' சேவையிலிருந்து ஓய்வு பெற்றது, பிறகு உடைக்கப்பட்டது. அதன் பீரங்கி மேடை ஒன்றை நியூஸிலாந்தார் ஆக்லண்ட் கடற்படைத் தளத்தில் வைத்துப் போற்றுகிறார்கள். நாமோ, வராத எம்டனை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த கப்பலை மறந்துவிட்டோம்.

அடுத்த தடவை பெரியவர் பேரனுக்குக் கதை சொல்லட்டும்; கப்பலின் பெயரை மட்டும் மாற்றிச் சொல்லட்டும். பையனுடைய கண்கள் அப்போதும் விரியும்.