கொடுங்கோலர் வரலாறும் இளையோர் உள்ளமும்

சான்றோர் வரலாற்றைக் கற்பது இளையோர்க்கு நலம் பயக்கும் என்பதில் இருவேறு கருத்தில்லை. பிறப்பு, வறுமை, விடாமுயற்சி, வெற்றி எனப் படிப்படியாக ஏறிச் செல்லும் அத்தகைய நூல்களைப் பள்ளிப் பருவத்தில் பரிசாகப் பெற்று மகிழ்ந்தவர்களே நாம். ஆயின், அதே அச்சில் ஹிட்லரின் வரலாற்றையும் வார்த்துச் சிறுவர் கையில் தருவது தகுமா என்பதை நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். இந்தியப் பதிப்பகம் ஒன்றின் சிறுவர் நூலில் காந்தியடிகள், நெல்சன் மண்டேலா ஆகியோர் வரிசையில் ஹிட்லரும் சேர்க்கப்பட்டிருந்தமை 2018ஆம் ஆண்டில் கடுங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பதிப்பகத்தாரும் அந்நூலை விற்பனையினின்று விலக்கிக்கொண்டனர்.

தவறு எங்கே நேர்கின்றது? வியன்னா ஓவியக் கழகம் 1907, 1908 ஆகிய ஆண்டுகளில் இருமுறை அவனுக்கு இடம் மறுத்தது. தோல்வியில் துவளாத இளைஞன் என்று இங்கே கதை தொடங்குகின்றது. பேச்சாற்றல், நெஞ்சுறுதி, கட்டுப்பாடு எனப் புகழ்ச்சி வளர்கின்றது. ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டதும், அவர்களுள் சுமார் 15 இலட்சம் பேர் குழந்தைகள் என்பதும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகின்றன. விடாமுயற்சி கள்வனிடத்தும் உண்டு. எதற்காக முயன்றான் என்று கேளாத கல்வி, கல்வியாகாது.

ஆங்கிலேயரை எதிர்த்தவன் என்பதால் அவனைப் போற்றுவோர் நம் நாட்டில் உளர். இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருப்பதையே விரும்புவதாகத் தன் நூலில் எழுதியவன் அவன். 1942இல் நேதாஜி நேரில் சந்தித்தபோதும், இந்திய விடுதலைக்கு ஆதரவான வெளிப்படையான அறிவிப்பை அவன் தரவில்லை. பாலஸ்தீன மக்களின் துயரைச் சுட்டி, அவன் செய்தது சரியே என வாதிடும் இளைஞரும் நம்மிடையே இல்லாமலில்லை. அம்மக்களின் உரிமைக்குக் குரல் கொடுப்பது அறம். ஆம்ஸ்டர்டாமில் ஈராண்டுகளுக்கு மேல் ஒளிந்து வாழ்ந்து, பிடிபட்டு, 1945இல் முகாமில் 15 வயதில் மாண்ட ஆன் ஃபிராங்க் என்னும் சிறுமிக்காக வருந்துவதும் அதே அறமேயாகும். 1258இல் ஹுலாகுவின் படை பாக்தாதை அழித்ததை எண்ணி இன்றும் கலங்கும் நாம், பிறர் பட்ட அழிவுக்கு மட்டும் வேறு துலாக்கோல் ஏந்தலாமா?

அவன் வரலாற்றை மறைத்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. மறைத்தால் இளையோர் அதனை வேறு வாயிலாக, வேறு வண்ணத்தில் அறிவர். கொல்லப்பட்டோரின் பெயரும் வயதும் கனவும் அந்நூலில் இடம்பெற வேண்டும். அவனை உயர்த்தியவர் யாவர் என்ற வினாவும் எழுப்பப்பட வேண்டும். 1932 நவம்பர்த் தேர்தலில் அவன் கட்சி பெற்றது சுமார் 33 விழுக்காட்டு வாக்குகளே. 1933 சனவரி 30இல் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவனைத் தலைமை அமைச்சராக்கினார். மார்ச்சில் நாடாளுமன்றமே சட்டமியற்றும் அதிகாரத்தை அவன் அரசிடம் ஒப்படைத்தது. மே 10ஆம் நாள் பெர்லின் முதலான நகரங்களில் நூல்களைக் குவித்துத் தீயிட்டவர் யாவர்? எழுத்தறியாதார் அல்லர், பல்கலைக்கழக மாணவர்கள்! ஆசிரியர் சிலரும் உடன் நின்றனர். கல்லூரியில் பயிலும் நாம் நெஞ்சில் இருத்த வேண்டிய பாடம் இதுவே.

பரிசு நூல் தேர்ந்தெடுக்கும் ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோர்களும் அட்டையையும் விலையையும் மட்டும் நோக்காது, உள்ளே சில பக்கங்களையேனும் படித்துப் பார்த்தல் வேண்டும். நூலை மூடிவைக்கும் சிறுவன், ‘நானும் இவனைப்போல் ஆவேன்’ என்கிறானா, ‘இவனைப்போல் ஒருவன் எழ நான் இடங்கொடேன்’ என்கிறானா என்பதே அந்நூலுக்குரிய உரைகல்லாகும்.